நல்ல நிலையில் உள்ள கம்பி

ஜூன் 3, செவ்வாய்

நெடும்பாறை வனப் பூங்காவின் வரலாற்றில் இன்று ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. இனிமேல் பூங்காவின் குப்பைத் தொட்டிகள் பென்குயின் வடிவில் இருக்கமாட்டா. கரடி வடிவில் இருக்கும்.

காலையில் தொடங்கிய கூட்டம் மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பென்குயின் கிடையாது என்ற உண்மையை மேலாளர் கனகசபாபதி முன்வைத்தார். யாரும் மறுக்கவில்லை. கருங்குரங்கு வைக்கலாம் என்றது ஒரு தரப்பு. குரங்கின் வாயில் குப்பை போட்டால் பக்தர்களின் மனம் புண்படும் என்றது மறு தரப்பு. யானை இடத்தை அடைக்கும். மயில் தேசியப் பறவை. கரடிக்கு ஊரில் யாரும் கோயில் கட்டவில்லை என்பது அதற்கு வினையாக முடிந்தது.

நான் நுழைவுச்சீட்டுக் கவுண்டரில் இருப்பவள். இந்த மாதிரிக் கூட்டங்களில் டீ கொடுப்பது என் வேலை. கேட்டால் மட்டும் பேச வேண்டும். யாரும் கேட்கவில்லை. 'இதர விஷயங்கள்' என்று வந்தபோது நானாகவே எழுந்து, கழுகுமூக்குக் காட்சிமுனையில் தடுப்புக் கம்பி ஆடுகிறது, சாரல் தொடங்கிவிட்டது, கூட்டம் வரும் என்றேன். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அது நல்ல நிலையில இருக்குன்னு போன வருஷமே அறிக்கை இருக்கேம்மா.”

கூட்டம் முடிந்தது. மிஞ்சிய பஜ்ஜியைக் குரங்குகள் எடுத்துக்கொண்டு போயின. அவற்றின் மனம் புண்பட்டதாகத் தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

பூங்காவில் மூன்று நடைபாதைகள். ஓடைப் பாதை, குழந்தைகளுக்கும் புது மணமக்களுக்கும். அருவிப் பாதை, சோப்பும் ஷாம்பூவும் கொண்டுவருபவர்களுக்கு. மூன்றாவது மலைமுகட்டுப் பாதை. ஈட்டி மரங்களுக்கு நடுவே ஏறி, கழுகுமூக்கில் முடியும். அங்கே மலை சட்டென்று நின்றுவிடும். கீழே அணை, அணைக்கு அப்பால் வயல், மேகம் இல்லாத நாளில் வயலுக்கு அப்பால் ஒரு கோடு மாதிரிக் கடல். இந்த வர்ணனையை நான் நாள்தோறும் சீட்டுடன் சேர்த்துக் கொடுக்கிறேன்.

இன்று கேட்கப்பட்ட கேள்விகள்: புலி எத்தனை மணிக்கு வரும்? மேலே லிஃப்ட் உண்டா? இந்தக் காட்டுக்கு ஏ.சி. ஹால் இருக்கிறதா, பேரனுக்குக் காதுகுத்து வைக்க வேண்டும். ஒருவர் அலுவலகத்துக்குப் போகிற பளபளப்பான ஷூவுடன் வந்து, பாதையில் சேறு இருப்பதாகப் புகார் எழுதினார். இன்னொருவர் தோளில் ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பறவைகளின் சத்தம் கேட்க வந்ததாகச் சொன்னார்.

மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மாள், “நீங்க கொடுத்து வச்சவங்க, தினமும் மேல போய்ப் பாக்கலாம்” என்றார். முட்டு வலி, அதனால் போவதில்லை என்றேன்.

“எத்தனை நாளா?”

“போன ஆகஸ்டுலருந்து.”

நீலகிரித் தைலம் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 9, திங்கள்

கம்பி நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லும் அறிக்கை எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் செய்யுள் படித்ததை விட இது எளிது. பொருள் விளங்க வேண்டியதில்லை.

'தற்காலிகக் காவலர் ஐயம்பெருமாள், பணி நேரத்தில், சொந்த ஆதாயத்துக்காகத் தேன் எடுக்கும் நோக்கில், நல்ல நிலையில் இருந்த தடுப்புக் கம்பியைத் தாண்டிச் சென்று, பாறையிலிருந்து தவறி விழுந்து மரணமடைந்தார்.'

ஒரே வாக்கியம். ஒரு மனிதரின் உயிர், வேலை, நாணயம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எடுத்திருக்கிறார்கள். நான் தபால் வழியில் வரலாறு எம்.ஏ. படித்தவள். கல்வெட்டுகளில் கூட இவ்வளவு சிக்கனம் பார்த்ததில்லை.

இந்த ஐயம்பெருமாளை எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தோம். கல்யாணமான புதிதில் வாழைத் தோட்டத்தில் ஒரே ஒரு தேனீ கொட்டி, முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, கண் இரண்டும் மூடிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன் பிறகு பேருந்துக்குள் தேனீ வந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடுவார். மரம் வெட்டினார் என்று எழுதியிருந்தால் நானே கொஞ்சம் யோசித்திருப்பேன். தேன் என்று எழுதினார்கள். ஆளைப் பற்றி எதுவும் தெரியாமல், விசாரிக்கவும் சோம்பல்பட்டு எழுதியது.

இதை நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர் இன்னொரு தற்காலிகக் காவலர், வண்டிமலை. அன்று ஐயம்பெருமாளுடன் மேலே இருந்த ஒரே ஆள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். என்னை மதினி என்பார். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சொந்தத் தவற்றால் இறந்தவருக்கு நிர்வாகம் பொறுப்பாகாது. ஆனாலும் மனிதாபிமானம் கருதி, மனைவி செண்பகவல்லிக்கு அதே பூங்காவில் கவுண்டர் வேலை கொடுக்கப்பட்டது. மனிதாபிமானம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது.

ஜூன் 11, புதன்

எங்கள் மலையில் ஒரு வழக்கம். பாதையில் ஒருவர் இறந்துபோன இடத்தைக் கடக்கிறவர்கள், பக்கத்துச் செடியில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். கும்பிட வேண்டாம், பெயர் தெரிய வேண்டாம். கழுகுமூக்கில் கம்பி ஓரமாக விறகுக்காரிகள் போட ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து வெளியூர்க்காரர்களும் போட்டார்கள். இப்போது குவியல் இடுப்பு உயரம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதனால் ஒரு நன்மை. குவியலைத் தாண்டிக் கம்பிப் பக்கம் யாரும் போவதில்லை. கம்பி செய்ய வேண்டிய வேலையைப் பத்து மாதமாகத் தழை செய்துகொண்டிருந்தது.

இன்று அந்தக் குவியலைப் 'பசுமைக் கழிவு' என்று அடையாளம் கண்டு அகற்றிவிட்டார்கள். சுத்தமான அந்த இடத்தில் முதல் கரடியை நிறுத்தினார்கள். வாயைத் திறந்துகொண்டு, வயிற்றில் 'நன்றி' என்று எழுதிக்கொண்டு நிற்கிறதாம்.

சாயங்காலம் வண்டிமலை கவுண்டர் ஜன்னலுக்கு வந்தார்.

“மதினி.”

“டிக்கெட்டா?”

“இல்ல மதினி. மேல தழையெல்லாம் அள்ளச் சொல்லிட்டாவ. நான் மாட்டேன்னுதான் சொன்னேன்.”

“சொல்லிட்டு அள்ளினீங்களா, அள்ளிட்டுச் சொன்னீங்களா?”

அவர் ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த பழைய சீட்டுத் துண்டை நகத்தால் சுரண்டினார்.

“குப்பையோட போடல. ஓடைல கொண்டு போய் விட்டேன்.”

“ரொம்ப நல்லது. அதையும் எழுதி ஒரு கையெழுத்துப் போட்டு வச்சிருங்க. நாளைக்கு உதவும்.”

அவர் போன பிறகு கணக்கை முடித்துவிட்டுக் கவுண்டரை மூடினேன். ஜன்னல் கதவை அவ்வளவு வேகமாகச் சாத்தியிருக்க வேண்டாம். கொக்கி கழன்று வந்துவிட்டது. நாளை சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

கொக்கி உடைந்திருக்கிறது என்று சொன்னேன். சொன்ன கொஞ்ச நேரத்தில் தச்சர் வந்துவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

மேலாளருக்கு மகிழ்ச்சி. பூங்காவிலேயே அதிகம் பயன்படுத்தப்படும் தொட்டி கழுகுமூக்குக் கரடிதானாம். அதில் நிறைவதெல்லாம் தழை. மேலே போகிறவர்கள் வழக்கம்போல ஒரு கொத்து ஒடிக்கிறார்கள். போட வேறு இடம் இல்லாததால் கரடியின் வாயில் போடுகிறார்கள். “ஜனங்ககிட்ட தூய்மை உணர்வு வளந்துட்டு, பாத்தீங்களா” என்றார். பார்த்தேன் என்றேன்.

இந்த மகிழ்ச்சியின் தொடர்ச்சியாக, வருகிற 28-ஆம் தேதி 'சாரல் நடை விழா'. நான்கு கல்லூரிகளின் மாணவர்கள் மலைமுகட்டுப் பாதையில் நடந்து கழுகுமூக்கை அடைவார்கள். தொலைக்காட்சித் தொடரில் டாக்டராக வரும் ஒரு நடிகர் சிறப்பு விருந்தினர். கம்பி ஓரமாக எல்லாரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வதுடன் விழா நிறைவுபெறும்.

மேலாளர் அறைக்குப் போனேன்.

“சார், அத்தன பேரும் கம்பில சாய்வாங்க.”

“சாயத்தானேம்மா கம்பி.”

“அது ஆடுது சார். அறுந்த இடத்தக் கட்டுக்கம்பி வச்சு முறுக்கி நிப்பாட்டிருக்காங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. பத்து மாதமாக நான் மேலே போகவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“பாத்தவங்க சொல்றாங்க.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு நாற்காலியைக் காட்டினார். மனிதர் முரடரில்லை. என் கணவருக்குப் பதினாறாம் நாளன்று வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுப் போனவர்.

“செண்பகம்மா, நான் சொல்றத நிதானமா கேளுங்க. கம்பிய மாத்தணும்னா, அது ஒடஞ்சிருக்குன்னு நான் எழுதணும். ஒடஞ்சிருக்குன்னு எழுதினா, எப்பத்துலருந்துன்னு மேல கேப்பாங்க. எப்பத்துலருந்துன்னு சொல்லணும்னா… உங்களுக்கே தெரியும்.”

“அப்ப அது எப்பவுமே ஒடையாது.”

“ஒடையாது,” என்றார் நிம்மதியாக. நான் புரிந்துகொண்டதில் அவருக்கு அவ்வளவு ஆறுதல். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எனக்குக் கொடுத்தார்.

ஜூன் 18, புதன்

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். மேலாளர் வழியாக வரச் சொன்னார்கள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். மழை. வண்டிமலையும் வந்து கூரைக்கு அடியில் அந்தக் கோடியில் நின்றார். பேருந்து தாமதம். பத்து மாதமாகக் கேட்காததைக் கேட்டேன்.

“ஒண்ணு கேக்கேன். சத்தியமெல்லாம் வேண்டாம். அன்னைக்கு என்ன நடந்துது?”

அவர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

“டீ குடிச்சிட்டிருந்தோம் மதினி. நான் பிளாஸ்க்க மூடிட்டிருந்தேன். அண்ணாச்சி கம்பில சாஞ்சாவ.”

“பொறவு?”

“பொறவுன்னு ஒண்ணும் இல்ல. சாஞ்சாவ, அவ்வளவுதான்.”

“என்ன பேசிட்டிருந்தீங்க?”

“உங்களப் பத்திதான். லைப்ரரி புக்க திருப்பிக் குடுக்கச் சொன்னீங்களாம், மறந்துட்டாவளாம். இன்னைக்கும் வீட்டுக்குப் போனா வசவுதாம்ல வண்டிமலன்னு சிரிச்சிட்டே சாஞ்சாவ.”

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் புத்தகம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. இவ்வளவு காலம் ஆன பிறகு நூலகர் என்ன சொல்வார் என்று யோசித்தேன்.

“அப்ப தேனு?”

“தேனு மேனேஜர் சார் சொன்னது. ஒனக்கு என்ன வேணும்னு கேட்டாவ. வேல வேணும்னேன். மூணு புள்ள இருக்கு மதினி எனக்கு.”

“எனக்குத்தான் புள்ள இல்லயே. அதனால எனக்கு ஒண்ணுமே வேண்டாம்னு நெனச்சிட்டீங்க, இல்லயா?”

“அப்படி இல்ல மதினி…”

“திருட்டுத் தேன் எடுக்கப் போய்ச் செத்தான்னு எங்க தெரு முழுக்கச் சொல்லுதாவ. கடைக்குப் போனா, மலைத்தேன் இருக்கான்னு என்கிட்டயே கேக்கான் ஒருத்தன், சிரிச்சிட்டு. நீங்க அந்தப் பக்கம் வரலாம், கேட்டுட்டுப் போகலாம்.”

பேருந்து வந்தது. நான் ஏறினேன். அவர் ஏறவில்லை. ஊர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். குடை மடக்கியபடியே கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். ஒரு தட்டு உடைந்தது. எவர்சில்வர் தட்டு எப்படி உடையும்? வளைந்தது என்று எழுதுவதே சரி.

ஜூன் 22, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. நாள் முழுக்க மழை. வந்த சிலரும் ஓடைப் பாதைக் கரடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

ஜூன் 26, வியாழன்

விழாவை முன்னிட்டுக் கழுகுமூக்குக் கம்பிக்கு வெள்ளி வண்ணம் பூசினார்கள். கட்டுக்கம்பிக்கும் சேர்த்தே பூசியிருக்கிறார்களாம்; இப்போது எது கம்பி, எது கட்டு என்று தெரியாது என்று வண்ணம் பூசியவர் பெருமையாகச் சொன்னார். அரசர்கள் காலத்தில் தோற்ற போருக்கும் மெய்க்கீர்த்தி எழுதியதுண்டு. அவர்களிடம் வெள்ளி வண்ணம் இல்லை.

மாலையில் மேலாளர் கூப்பிட்டார். ஆள் பற்றாக்குறை. விழாவன்று நான் கழுகுமூக்கில் நின்று, வருகிற மாணவர்களுக்கு மோர் கொடுக்க வேண்டும்.

“எனக்கு முட்டு வலி சார்.”

“காலைலயே ஒரு மாத்திரை போட்டுட்டு மெள்ள ஏறிடுங்க. வண்டிமலை அண்டாவைத் தூக்கிட்டு வருவான்.” பிறகு, யோசித்துவிட்டு, “சங்கடமா இருந்தா அந்தப் பக்கம் பாக்காம நில்லுங்க” என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

விடிந்ததும் ஏறினேன். மாத்திரை போடவில்லை. வண்டிமலை அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். ஈட்டி மரங்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு வளைவில் காட்டு நெல்லிக்குக் கீழே நானும் என் கணவரும் உட்காரும் கல் இருக்கும். இப்போது அதில் 'செல்ஃபி எடுக்க உகந்த இடம்' என்று எழுதியிருக்கிறது.

கழுகுமூக்கில் வெயில் அடித்தது. கடல் தெரிந்தது. நான் சீட்டுடன் கொடுத்து வந்தது பொய்யில்லை. வண்டிமலை அண்டாவை இறக்கிவிட்டு, டம்ளர் மூட்டையை எடுத்துவர மறுபடி கீழே போனார். நான் தனியாக நின்றேன்.

கரடியின் வாய் தழையால் அடைத்துக் கிடந்தது. நானும் ஒரு கொத்து ஒடித்தேன். போட இடமில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கையில் வெள்ளி ஒட்டியது. விழப்போகிற பல் மாதிரி ஆடியது. தூண்களின் அடி துருப்பிடித்து, மண்ணும் நீரும் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தன. மேலாளர் கொடுத்திருந்த வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன்.

“சார், கம்பி நிக்காது. பாதையிலயே நிறுத்திருங்க.”

“எல்லாம் கிளம்பியாச்சும்மா. டாக்டர் சார் முன்னால வந்துட்டிருக்காரு. ஒரு ரிப்பன் கட்டி விட்ருங்க.”

“ரிப்பனா சார்?”

“கலர் ரிப்பன். பாக்கவும் நல்லா இருக்கும்.”

கீழே வளைவுகளில் விசில் கேட்டது. ஒரு பாட்டு, அதற்குக் கைதட்டல், சிரிப்பு. எல்லாரும் பத்தொன்பது, இருபது வயது. ஏறிவந்த வேகத்தில் நேராக வந்து சாய்வார்கள். சிரித்துக்கொண்டே சாய்வார்கள்.

அதன் பிறகு கம்பி கையோடு வந்துவிட்டது.

முதல் தூண் தானாகவே வந்தது என்று சொல்லலாம். கட்டுக்கம்பியின் முறுக்கைக் கையால் பிரித்தேன். இரண்டாவது தூணையும் மூன்றாவதையும் உள்பக்கமாக இழுத்தேன். நான்காவது கொஞ்சம் முரண்டு பிடித்தது, உதைத்தேன். எத்தனை உதை என்று எண்ணவில்லை. ஏதோ பேசிக்கொண்டும் உதைத்திருக்கிறேன். என்ன பேசினேன் என்பது இங்கே எழுதும்படியான பேச்சில்லை. எல்லாவற்றையும் இழுத்துவந்து பாதை முடியும் வளைவில் குறுக்கே போட்டேன். கரடியையும் உருட்டிவந்து நடுவில் வைத்தேன். முட்டு வலி தெரியவில்லை.

முதலில் வந்தவன் மூச்சு வாங்கினான்.

“ஆன்ட்டி, வியூ பாயின்ட் எங்க?”

“இன்னைக்கு லீவு.”

“காட்டுக்கு லீவா?”

“கம்பிக்கு. மோர் குடிங்க.”

பின்னால் வந்தவர்கள் வளைவில் நின்று, கம்பி இல்லாத விளிம்பை எட்டிப் பார்த்தார்கள். பாட்டு நின்றது. ஒரு பெண் பக்கத்தில் நின்றவளின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். நடிகரும் வந்தார். எட்டிப் பார்த்தார். டாக்டர் அல்லவா, நிலைமை உடனே புரிந்தது. அண்டா மூடியிலேயே இரண்டு முறை மோர் வாங்கிக் குடித்துவிட்டு முதல் ஆளாக இறங்கிப் போனார். கடைசியாக மேலாளர் வந்தார். கம்பிக் குவியலைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“என்னம்மா பண்ணிட்டீங்க…”

“கம்பி ஒடஞ்சிருச்சு சார். இனி பயமில்லாம எழுதலாம். எப்பத்துலருந்துன்னு மேல கேட்டா, இன்னைலருந்துன்னு போடுங்க.”

டம்ளர் மூட்டையுடன் வண்டிமலை அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 29, ஞாயிறு

உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருக்கிறது. வெள்ளி வண்ணம் தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. சோறு பிசைந்து சாப்பிட முடியாததால் கரண்டியால் சாப்பிட்டேன். நூலகத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன்; ஞாயிறு பாதி நாள்தான்.

ஜூன் 30, திங்கள்

மனிதாபிமானம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. விசாரணை முடியும் வரை நான் பூங்காவுக்கு வரக் கூடாது. குற்றச்சாட்டு: மலைமுகட்டுப் பாதையில், நல்ல நிலையில் இருந்த தடுப்புக் கம்பியைக் கையால் பிடுங்கிப் பூங்காச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது. நான் பல முறை படித்தேன். 'நல்ல நிலையில் இருந்த', 'கையால் பிடுங்கி' இரண்டும் ஒரே வரியில், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் மாமியார் மருமகள் மாதிரி இருக்கின்றன.

ஜூலை 8, செவ்வாய்

விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து எஸ்தர் கமலம் என்ற அதிகாரி வந்திருந்தார். அறையில் மேலாளர், தட்டச்சு செய்பவர், நான். வண்டிமலையை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள்.

“எத வச்சு ஒடச்சீங்க?”

“கைய வச்சு.”

“கடப்பாரை, மண்வெட்டி?”

“மோர் அண்டா மட்டுந்தான் இருந்துது மேடம். அதுல மோர் இருந்துது.”

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் குடத்தில் தண்ணீர் தூக்கினாலே பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து வாங்கிக்கொள்கிற உடம்பு. மேலாளர் பக்கம் திரும்பினார்.

“கம்பி நல்ல நிலையில இருந்துதுன்னு எழுதிருக்கீங்க.”

“ஆமா மேடம். போன வருஷத்து அறிக்கைலயும் அப்படித்தான்.”

“கையால பிடுங்கினாங்கன்னும் நீங்கதான் எழுதிருக்கீங்க.”

மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நம்ம வண்டிமலை தினமும் ரோந்து போற ஆளு மேடம். அவனக் கேட்டா தெரியும்.”

வண்டிமலை வந்தார். கும்பிட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மேலாளர் முந்திக்கொண்டார். “எலே வண்டிமல, கம்பி கெட்டியாத்தானல இருந்துது? மேடம்ட்ட சொல்லு.”

அவர் மேலாளரைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த என் கையைப் பார்த்தார். கட்டுப் போட்டிருந்தது.

“கெட்டியா இல்ல.”

“எத்தன நாளா?” என்றார் அதிகாரி.

“போன வருசமே இல்ல. அண்ணாச்சி சாஞ்ச அன்னைக்கே இல்ல.”

“எந்த அண்ணாச்சி?”

“ஐயம்பெருமாள் அண்ணாச்சி. இவங்க வீட்டுக்காரவிய. டீ குடிச்சிட்டு சாஞ்சாவ. கம்பியோட போயிட்டாவ. தேனெல்லாம் ஒண்ணும் கெடையாது. மறுநா கம்பிய மேல இழுத்து, நாந்தான் முறுக்கிக் கட்டினேன்.”

தட்டச்சு நின்றது. அதிகாரி, “நிறுத்தாதீங்க, அடிங்க” என்றார். பிறகு கோப்பைத் திருப்பினார். “நீங்க வேற மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“ஆமாம்மா. அது பொய்.”

“பொய்யின்னு தெரிஞ்சேவா போட்டீங்க?”

“தெரிஞ்சேதான் போட்டேன்.”

“யாரு சொல்லிப் போட்டீங்க?”

வண்டிமலை மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கரடி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

“இந்தா இருக்காவல்லா,” என்றார்.

கனகசபாபதி, தான் அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றார். அதுவும் தட்டச்சு செய்யப்பட்டது.

வெளியே வந்தோம். நுழைவாயில் கடையில் வண்டிமலை ஒரு டீ வாங்கினார். பிறகு இன்னொன்று வாங்கி என் பக்கமாக நீட்டினார். கட்டுப் போட்ட கையால் டம்ளரைப் பிடிக்கச் சிரமமாக இருந்தது. குடித்தேன். சர்க்கரை அதிகம்.

“மதினி, இனி தெருவுல யாரும் கேட்டா…”

“கேக்கட்டும். சொல்லுதேன்.”

ஜூலை 14, திங்கள்

கழுகுமூக்கில் கான்கிரீட் போட்டுப் புதிய கம்பி நட்டிருக்கிறார்கள். மலைமுகட்டுப் பாதை திறக்கப்பட்டது. அறிக்கையில் 'சொந்த ஆதாயத்துக்காகத் தேன் எடுக்கும் நோக்கில்' என்பதிலிருந்து 'தாண்டிச் சென்று' என்பது வரை நீக்கிவிட்டு, 'பணியின்போது தடுப்புக் கம்பி சரிந்ததால்' என்று சேர்த்திருக்கிறார்கள். என்னைக் கவுண்டருக்குத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை முதல் வேலைக்குப் போகிறேன்.

பொய்யான சாட்சியம் அளித்ததை விசாரணையில் ஒப்புக்கொண்ட காரணத்தால், தற்காலிகக் காவலர் வண்டிமலை இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். உத்தரவில் மேலாளர் கனகசபாபதி கையெழுத்திட்டிருக்கிறார்.